நாடி பிடித்த தாளம்

பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடரிக்குக்குப் புல்லாங்குழல் வாத்தியாராக இருந்தவர் யோஹான் யோவாகிம் குவாண்ட்ஸ். 1752-இல் அவர் ஒரு தடித்த புத்தகம் போட்டார். ஒரு பாட்டை எவ்வளவு வேகத்தில் வாசிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதில் அவர் தந்த பதில், நாடி பிடித்துப் பாருங்கள் என்பது. யாருடைய நாடி என்பதிலும் மனிதர் கறாராக இருந்தார். ஆள் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். கலகலப்பானவராக, கொஞ்சம் சூடான சுபாவக்காரராக இருந்தால் நல்லது. மதியச் சாப்பாடு முடிந்து சாயங்காலத்துக்குள் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 துடிப்பு இருக்கும், அதுதான் அளவுகோல். சோர்ந்த சுபாவம் உள்ளவர் தன் சொந்த நாடியை வைத்துக் கணக்குப் போட்டால், அதைவிடச் சற்று விறுவிறுப்பாக வாசிக்கலாம் என்று சலுகையும் கொடுத்திருக்கிறார்.

இந்த 80-ஐ வைத்துக்கொண்டு அவர் ஓர் ஏணி கட்டினார். அலெக்ரெட்டோ என்றால் ஓர் அடிக்கு ஒரு துடிப்பு. அலெக்ரோ அஸ்ஸாய் என்றால் ஒரு துடிப்புக்குள் இரண்டு அடி. அடாஜியோ காந்தாபிலே என்றால் ஓர் அடிக்கு இரண்டு துடிப்பு, அடாஜியோ அஸ்ஸாய் என்றால் நான்கு. ஆக நிமிடத்துக்கு 160, 80, 40, 20. சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடிப் பழகியவர்களுக்கு இந்த இரட்டிப்புக் கணக்கு புதிதல்ல. ஆனால் நம் பாட்டு டீச்சர்கள் முதல் காலம் எவ்வளவு வேகம் என்பதைத் தொடையில் தட்டிக் காட்டிவிட்டுப் போவார்கள். சாப்பிட்டாயா, எப்போது சாப்பிட்டாய் என்றெல்லாம் கேட்பதில்லை.

குவாண்ட்ஸைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அவருக்கு வேறு வழி என்ன இருந்தது? வினாடி முள் வைத்த கடிகாரம் எல்லாப் பாட்டுக்காரர் சட்டைப்பையிலும் இருந்த காலம் இல்லை அது. ஊர் மாறினாலும், மொழி மாறினாலும், ஏழை பணக்காரர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் ஓடிக்கொண்டிருந்த ஒரே கடிகாரம் மணிக்கட்டில்தான் இருந்தது. அவருக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே, 1496-இல், இத்தாலியின் பிராங்கினோ கஃபூரியோ என்ற இசை அறிஞரும் இதையே எழுதியிருந்தார்: நிதானமாக மூச்சு விடும் மனிதரின் நாடிதான் தாளத்துக்கு அளவு.

வேடிக்கை என்னவென்றால், மருத்துவர்கள் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காரர்கள் நாடியை வைத்துத் தாளத்தை அளந்தார்கள். வைத்தியர்கள் தாளத்தை வைத்து நாடியை அளக்கப் பார்த்தார்கள். கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த ஹெரோஃபிலஸ், நாடியின் ஏற்ற இறக்கத்தை இசையின் குறில் நெடில் அடிகளாகப் பிரித்துப் பேசினார். நோயாளி வீட்டுக்குத் தண்ணீர்க் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போய், வயதுக்கு ஏற்ற துடிப்பு இருக்கிறதா என்று ஒப்பிட்டதாகவும் ஒரு குறிப்பு உண்டு. 1747-இல் பிரான்சின் நான்சி நகரத்து மருத்துவர் பிரான்சுவா நிக்கோலா மார்க்கே ஒரு படி மேலே போனார். நோயாளிகளின் நாடியை இசைக் கோடுகள் மேல் ஸ்வரக் குறிகளாகவே எழுதினார். மினுவெட் என்ற நடனத்தின் தாளத்தோடு ஒத்துப்போனால் ஆள் நலம். பிந்தினாலும் முந்தினாலும் கோளாறு. நோயாளிக்கு நாடியும் டாக்டருக்கு இசை ஞானமும் இருந்தால்தான் இந்த வைத்தியம் நடக்கும் என்பதால் அது பரவாமல் போனதில் ஆச்சரியமில்லை.

இரண்டு பக்கமும் மற்றதை நம்பிக்கொண்டிருந்தால் யாராவது ஒருவர் வெளியிலிருந்து ஓர் அளவைக் கொண்டுவர வேண்டும். அது ஊசல் வடிவில் வந்தது.

கலிலியோ பீசா தேவாலயத்தில் ஆடிய விளக்கைத் தன் நாடியை வைத்து அளந்தார் என்ற கதை எல்லாப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருக்கிறது. சொன்னவர் அவருடைய சீடர் விவியானி. இன்று பீசாவில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் விளக்கு 1587-இல்தான் மாட்டப்பட்டது, கதை நடந்ததாகச் சொல்லும் காலமோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பு. ஆகவே கதையை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் ஆள் பொருத்தமானவர்தான். அப்பா வின்சென்சோ வீணை போன்ற லூட் வாத்தியம் வாசிப்பவர், இசை ஆராய்ச்சியாளர். மகன் பீசாவில் சேர்ந்ததோ மருத்துவம் படிக்க. நாடியும் தாளமும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. வீச்சு சிறிதாக இருக்கும்வரை, கொஞ்சம் ஆடினாலும் இன்னும் கொஞ்சம் ஆடினாலும் ஊசல் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் மாறுவதில்லை என்பதை அவர் பிடித்துக்கொண்டார்.

அதை உடனே வைத்தியத்துக்குத் திருப்பியவர் சாந்தோரியோ என்ற மருத்துவர். பின்னாளில் பதுவாவில் பேராசிரியர். அவருடைய கருவியைப் பற்றி 1603-இல் அச்சில் வந்துவிட்டது. ஒரு நூல், நுனியில் ஈயக் குண்டு, பக்கத்தில் அளவுகோல். அவ்வளவுதான். நோயாளியின் மணிக்கட்டில் ஒரு கை. மறு கையால் நூலை இழுத்தும் விட்டும், குண்டின் ஆட்டம் நாடியோடு ஒத்துப்போகும்வரை சரிசெய்ய வேண்டும். ஒத்துப்போன இடத்தில் நூலின் நீளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு வந்து பார்க்கும்போது நூலைக் குறுக்க வேண்டியிருந்தால் நாடி வேகமாகிவிட்டது, காய்ச்சல் ஏறியிருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை என்ற எண்ணமே இதில் இல்லை. நாடியின் அளவு இன்ன நீளம், முடிந்தது.

வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். தையல் நூலில் ஒரு போல்ட் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவது ஒரு துடிப்பு என்று வைத்துக்கொண்டால், 60 துடிப்புக்கு நூல் ஏறக்குறைய 99 செ.மீ. வேண்டும். 72-க்கு 69 செ.மீ. குவாண்ட்ஸின் 80-க்கு 56. மாடிப்படி ஏறி இறங்கி 100 ஆகிவிட்டால் 36. 120-க்கு வெறும் 25. வேகம் இரண்டு மடங்கானால் நீளம் நாலில் ஒன்றாகிவிடும். இந்தக் கணக்கில்தான் பாட்டுக்காரர்களுக்கு ஒரு வில்லங்கம் காத்திருந்தது.

வைத்தியத்தில் நிமிடக் கணக்கு வந்தது 1707-இல். இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு ஊர் டாக்டர் ஜான் ஃபிளாயர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கி, அதை வைத்து நாடியை எண்ணிப் புத்தகம் எழுதினார். சக டாக்டர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு வேண்டியது எண்ணிக்கை அல்ல, நடை. நாடி துள்ளுகிறதா, நெளிகிறதா, இழுக்கிறதா என்பதுதான் பேச்சு. நம் சித்த வைத்தியமும் அந்தக் கட்சிதான். மூன்று விரலை வைத்து, வாதம் அன்னம்போல மயில்போல நடக்கிறதா, பித்தம் ஆமைபோல அட்டைபோல ஊர்கிறதா, கபம் தவளைபோலக் குதிக்கிறதா என்று பார்ப்பார்கள். அதிலும் ஓர் அளவு உண்டு: வாதம் ஒரு மாத்திரை, பித்தம் அரை, கபம் கால். எழுத்தின் ஓசையை அளக்க இலக்கணம் எடுத்துக்கொண்ட அதே மாத்திரை, கண்ணிமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். அங்கே ஒன்றுக்கொன்று என்ன விகிதம் என்பதுதான் முக்கியம், நிமிடத்துக்கு எத்தனை என்பது அல்ல. இன்றைய டாக்டர்களும் நடையை அடியோடு விட்டுவிடவில்லை; ஈ.சி.ஜி. தாளை நீட்டிப் பிடித்துப் பார்ப்பது எண்ணுவதற்காக மட்டுமல்ல.

இனி அந்த வில்லங்கம். ஊசலை வைத்து இசையின் வேகத்தைக் குறிக்கலாம் என்று 1696-இல் பாரீஸில் எத்தியேன் லூலியே ஒரு கருவி செய்தார். கருவி நன்றாகத்தான் இருந்தது, ஆறடி உயரம் இருந்தது என்பதைத் தவிர. மெதுவான பாட்டுக்கு நீளமான ஊசல் வேண்டுமே. நிமிடத்துக்கு 40 என்ற சவுக்க காலத்துக்கு இரண்டேகால் மீட்டர் நூல் தொங்க வேண்டும். கச்சேரிக்குப் புறப்படும் வித்வான் இதை எந்த வண்டியில் ஏற்றுவார்?

ஆம்ஸ்டர்டாமில் இருந்த டீட்ரிஷ் விங்கெல் என்ற கைவினைஞர் 1814-இல் இதற்கு வழி கண்டுபிடித்தார். கம்பியின் ஒரு முனையில் எடையைத் தொங்கவிடாமல், அச்சுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு எடை வைத்தார். மேல் எடை கீழ் எடையை எதிர்த்து இழுப்பதால், ஒரு ஜாண் கம்பியே இரண்டு மீட்டர் ஊசல்போல மெதுவாக ஆடும். மேல் எடையை ஏற்றினால் இன்னும் மெதுவு, இறக்கினால் வேகம். அருமையான வேலை. ஆனால் பேர் வாங்கியவர் யோஹான் மெல்ட்ஸெல். மனிதர் வியாபாரி, வேடிக்கைக் கருவிகள் காட்டுபவர். செஸ் விளையாடும் ‘துருக்கியன்’ பொம்மையை ஊர் ஊராகக் கொண்டுபோனவரும் அவரேதான். விங்கெலின் கருவியைப் பார்த்தார், விலைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. பக்கத்தில் எண் பட்டையைச் சேர்த்து 1815-இல் தன் பேரில் காப்புரிமை வாங்கிவிட்டார். கண்டுபிடிப்பு விங்கெலுடையதுதான் என்று பிறகு டச்சு அறிஞர் சபை தீர்ப்புச் சொன்னது. அதனால் என்ன, இன்றைக்கும் இசைத் தாள்களில் வேகத்தைக் குறிக்க ‘எம்.எம்.’ என்றுதான் போடுகிறார்கள்: மெல்ட்ஸெலின் மெட்ரோனோம்.

பேத்தோவனுக்குக் காது கேட்கும் குழல்கள் செய்து கொடுத்தவரும் இந்த மெல்ட்ஸெல்தான். 1817-இல் பேத்தோவன் தாம் அதுவரை எழுதியிருந்த எட்டு சிம்ஃபனிகளுக்கும் மெட்ரோனோம் எண்களை அச்சில் வெளியிட்டார். அன்றிலிருந்து சண்டை ஓயவில்லை, ஏனென்றால் பல எண்கள் கைக்கு அடங்காத வேகம். ‘ஹாமர்கிளாவியர்’ சொனாட்டாவின் முதல் பகுதிக்கு அவர் போட்ட 138-ஐப் பார்த்துப் பல பியானோக்காரர்கள் மரியாதையாக ஒதுங்கிப் போய்விடுவார்கள். கருவி பழுது, காது கேளாமை, அச்சுப் பிழை என்று காரணம் சொல்லாதவர் இல்லை. 2020-இல் ஸ்பெயினின் அல்முதேனா மார்ட்டின் காஸ்ட்ரோவும் இன்யாகி உகாரும் 36 இசைக்குழு நடத்துநர்களின் பதிவுகளைக் கணினியில் அலசி ஓர் எளிய விளக்கம் தந்தார்கள். எண்ணை மேல் எடையின் மேல் விளிம்பில் படிக்க வேண்டும். பேத்தோவன் கீழ் விளிம்பில் படித்திருக்கலாம். அப்படிப் படித்தால் ஏறக்குறைய 12 கூடிவிடும். ஒன்பதாவது சிம்ஃபனியின் கையெழுத்துப் பிரதி ஓரத்தில் அவரே ‘108 அல்லது 120’ என்று எழுதி வைத்திருக்கிறார், வித்தியாசம் சரியாக 12. எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயமல்ல. ஆனாலும் பேத்தோவனுக்கே எங்கே பார்த்துப் படிப்பது என்று குழப்பம் வந்திருக்கும் என்பது மற்ற விளக்கங்களைவிட நம்பும்படி இருக்கிறது. அவருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்து, அதுவே சில படைப்புகளின் தாளத்தில் இறங்கியது என்று 2014-இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்தது. படிக்கச் சுவாரசியம், நிரூபிக்க நோயாளி இல்லை.

இதுவரை இதயம் கொடுத்தது, சங்கீதம் வாங்கியது. கடன் திரும்பி வந்த இடம் அமெரிக்காவின் மினியாபொலிஸ்.

1950-களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்ட்டன் லில்லஹை, இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகளுக்குத் திறந்த இதய அறுவை செய்துகொண்டிருந்தார். தையல் போடும்போது சில குழந்தைகளுக்கு இதயத்தின் மின்பாதை அடைபட்டுத் துடிப்பு மந்தமாகிவிடும். சில நாளில் தானே சரியாகிவிடவும் கூடும். அதுவரை வெளியிலிருந்து மின்தூண்டல் கொடுக்க வேண்டும். அந்தக் கருவிகள் சுவர் பிளக்கில் ஓடுபவை. ஒயர் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் குழந்தையின் உலகம். அறை மாற்ற வேண்டுமென்றால் ஒயரோடு ஒயர் முடிந்து தாழ்வாரத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள். 1957 அக்டோபர் 31 அன்று ஊரில் மின்சாரம் போனது. அறுவை அரங்குக்கு ஜெனரேட்டர் இருந்தது, வார்டு அறைகளுக்கு இல்லை. ஒரு குழந்தை இறந்துபோனதாக ஏர்ல் பாக்கன் பின்னாளில் சொன்னார்.

பாக்கன் அந்த ஆஸ்பத்திரிக்குக் கருவிகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் எலெக்ட்ரானிக்ஸ்காரர். மைத்துனரோடு சேர்ந்து 1949-இல் ஒரு கார் ஷெட்டில் தொடங்கிய அவருடைய கடைக்கு மெட்ரானிக் என்று பெயர். முதல் மாத வருமானம் 8 டாலர். பேட்டரியில் ஓடுவதாக ஒன்று செய்து தர முடியுமா என்று லில்லஹை கேட்டார். கார் பேட்டரியை வைத்து, அதிலிருந்து வீட்டு மின்சாரம்போல மாற்றி, பழைய கருவியையே ஓட்டலாம் என்பதுதான் பாக்கனுக்கு முதலில் தோன்றியது. பிறகு யோசித்தார்: குழந்தையின் இதயத்துக்கு வேண்டியது சின்னஞ்சிறு தட்டு, அதற்கு எதற்கு இவ்வளவு சுற்றல்? அப்போது நினைவுக்கு வந்தது ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ பத்திரிகையில் பார்த்த ஒரு படம். இரண்டு டிரான்சிஸ்டர் வைத்த மெட்ரோனோம் சர்க்யூட். ஸ்பீக்கரில் ‘டொக் டொக்’ என்று தட்டுவதற்காக வரைந்தது.

ஸ்பீக்கரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதயத்துக்குப் போகும் கம்பியை வைத்தார். வேகத்துக்கு ஒரு திருகு, பலத்துக்கு ஒரு திருகு, பாதரச பேட்டரி, உள்ளங்கைக்கு அடங்கும் அலுமினியப் பெட்டி. நாலு வாரத்தில் தயார். விலங்குகள்மேல் பரிசோதிக்கத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் பெட்டி ஒரு குழந்தையோடு இணைக்கப்பட்டிருந்தது. வேலை செய்கிற கருவி கைவசம் இருக்கும்போது காத்திருப்பானேன் என்பது லில்லஹையின் கட்சி. இன்றைய விதிமுறைகளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அந்த வார்டில் நின்றிருந்தால் வேறு மாதிரி தோன்றியிருக்கும். குழந்தைகள் எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள். நடமாட ஆரம்பித்த குழந்தைகள் பெட்டியின் திருகையும் திருகிப் பார்க்க ஆரம்பித்ததால், அடுத்த மாடலில் திருகுகளை உள்ளே அமுக்கி வைக்க வேண்டியிருந்தது.

1958 அக்டோபரில் ஸ்வீடனில் உடலுக்குள்ளேயே வைக்கும் முதல் மின்தூண்டல் கருவி, அதாவது பேஸ்மேக்கர், ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. சில மணி நேரத்தில் நின்றுபோனது. மாற்றினார்கள். வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகள் மாற்றி, 2001-இல் 86 வயதில்தான் அவர் இறந்தார்.

ஆரம்பகால பேஸ்மேக்கர்கள் எல்லாம் அசல் மெட்ரோனோம்களே. 70 என்று வைத்தால் 70. தூங்கினாலும் 70, பஸ் பிடிக்க ஓடினாலும் 70. இதயம் தானாக ஒரு துடிப்பு துடித்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் மேலேயே தன் அடியைப் போடும். உண்மையான இதயம் அப்படி இருப்பதே இல்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் முந்தும், விடும்போது பிந்தும்; இளம் வயதினருக்கு இது விரலிலேயே தெரியும். கர்ப்பிணி வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத்தைப் பதிவு செய்யும்போது, கோடு மேலும் கீழுமாகச் சின்னச் சின்ன நெளிவோடு போனால் டாக்டருக்கு நிம்மதி. வழவழவென்று நேராகப் போனால் முகம் மாறும். 1960-களின் நடுவில், இதயம் தானாகத் துடிக்கிறதா என்று கவனித்து, துடிக்காதபோது மட்டும் அடிபோடும் பேஸ்மேக்கர் வந்தது. 1980-களில் உடலின் அசைவை உணர்ந்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பவை வந்தன. மிருதங்கக்காரர் பாடகரைக் கேட்டு வாசிப்பதை, கருவி கற்றுக்கொள்ள கால் நூற்றாண்டு ஆனது.

கர்நாடகக் கச்சேரியில் காலப்பிரமாணத்துக்கு யாரும் எண் சொல்வதில்லை. ‘ஓடிவிட்டது’, ‘இழுக்கிறது’ என்பதுதான் விமர்சனம், அது போதுமானதாகவும் இருக்கிறது. சினிமாப் பாட்டுப் பதிவிலோ எண் இல்லாமல் வேலை தொடங்காது. ஹெட்போனில் கிளிக் ஓட, ஆளுக்கொரு நாளில் வந்து வாசித்துவிட்டுப் போகிறார்கள். அப்படிக் கச்சிதமாக அடுக்கியது உயிரில்லாமல் கேட்கிறது என்பதற்காக, அடிகளை வேண்டுமென்றே இம்மியளவு முன்பின் தள்ளும் வசதியையும் மென்பொருளிலேயே வைத்திருக்கிறார்கள்.

எண்ணுவதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு, நாடிக்கும் பாட்டுக்கும் பொது. கடிகாரத்தைத் தொடங்கும் அந்த அடியை ‘ஒன்று’ என்று எண்ணக் கூடாது. ‘பூஜ்யம்’ என்று எண்ண வேண்டும். நாம் அளப்பது அடிகளை அல்ல, அடிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை. 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கும் வழக்கத்தில் இந்த ஒன்று கூடிப்போனால், விடையில் நான்கு கூடிவிடும். 72 இருப்பவர் 76 ஆகிவிடுவார். கட்டைவிரலால் பார்க்கவும் கூடாது, அதற்குச் சொந்தமாக ஒரு நாடி இருக்கிறது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் பெருக்கல் வேலையெல்லாம் வேண்டாம், முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

கடைசியாக ஒரு கொடுக்கல் வாங்கல் பாக்கி இருக்கிறது. இதயம் நின்று விழுந்தவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும் என்பது முதலுதவி விதி. பதற்றத்தில் அந்த வேகம் யாருக்கும் கைவராது. ‘பீ கீஸ்’ குழுவின் ‘ஸ்டேயிங் அலைவ்’ பாட்டு நிமிடத்துக்கு 103 அடி. அதை மனசுக்குள் பாடிக்கொண்டே அமுக்குங்கள் என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘குவீன்’ குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ பாட்டும் வேகத்தில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அடுத்த ஆள் மண்ணைக் கவ்வினான் என்ற பாட்டை அந்த நேரத்தில் வாய்விட்டுப் பாட முடியாது.

பாட்டு வேகத்தைக் காப்பாற்றுகிறது, ஆழத்தை அல்ல. பெரியவர்களுக்கு மார்பு 5 முதல் 6 செ.மீ. வரை அமிழ வேண்டும். ‘நெல்லி தி எலிஃபண்ட்’ என்ற குழந்தைப் பாட்டை வைத்து இங்கிலாந்தில் நடத்திய சோதனை 2009-இல் வெளியானது. பாட்டு கேட்டவர்களில் கூடுதலானோர் வேகத்தைச் சரியாகப் பிடித்தார்கள். ஆனால் போதுமான ஆழம் அமுக்காதவர்களும் அவர்களில் கூடுதலாக இருந்தார்கள். விமான நிலையங்களில் மாட்டியிருக்கும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் பெட்டிகள் சிலவற்றில் இப்போது மெட்ரோனோம் உள்ளேயே இருக்கிறது. திறந்ததும் வழிகாட்டும் குரலோடு ‘டிக், டிக்’ என்று அடி கொடுக்கும். அதைக் கேட்டு வேகம் குறையாமல் அமுக்குபவருக்கும் சீக்கிரமே கை சோர்ந்து அழுத்தம் குறையத் தொடங்கிவிடும், அவருக்கே தெரியாமல். அதனால்தான் பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்கிறார்கள்.